கைப்பைக்குள் இருக்க வேண்டியவை

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உலகத்துத் திருவிழாக்களையும் பயணக் குறிப்புகளையும் பற்றிப் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டபோது, "நான் டொக்டர் அல்லவா, என்னிடம் ஏன் இதைக் கேட்கிறீர்கள்?" என்றேன். "ஓகஸ்ட் மாதத்தில் உன்னுடைய வாட்டில் பாதிப்பேர் வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் என்று நீதானே சொன்னாய்? அதையே சொல்" என்றார். பாதிப்பேர் என்று நான் சொன்னது மிகைதான். ஆனால் நல்லூர்க் கொடி ஏறியதும், பிறகு மார்கழியில் நத்தார் விடுமுறை தொடங்கியதும், எங்களிடம் வருகின்ற நோயாளரின் முகங்கள் மாறுவது உண்மை. பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவர், பிள்ளைகளுக்கு முதன்முறையாகத் தேர் காட்ட வந்தவர், மச்சாளின் மகளுக்குக் கலியாணம் என்று வந்தவர் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் சிலரை நான் மூன்றாம் நாள் கட்டிலில் சந்திக்கிறேன்.

ஆகவே எந்த நாட்டில் எந்த விழாவைப் பார்க்கலாம் என்ற அழகான பட்டியல் என்னிடம் இல்லை. அதைத் தருவதற்கு நம் பிள்ளைகளுடைய கைத்தொலைபேசி போதும். திருநாளுக்காகத் தூரம் போகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

திருநாள் அன்று நாங்கள் வழமையை விடுகிறோம். விடுவதற்காகத்தான் திருநாளே இருக்கிறது. விடிய எழும்புகிறோம், பிந்திப் படுக்கிறோம், சிலர் பட்டினி கிடக்கிறோம், சிலர் மூன்று நாள் சாப்பாட்டை ஒரு நாளில் சாப்பிடுகிறோம், தண்ணீர் குடிக்க மறக்கிறோம், குளிசை போட மறக்கிறோம். வீட்டில் இருந்து செய்தாலே உடம்பு முறைப்படும். இதோடு பதினைந்து மணித்தியால விமானப் பயணத்தையும் பத்து மணித்தியால நேர மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இது நம்மவர்களின் குறை என்று நினைக்க வேண்டாம். சுவீடனில் 1998 முதல் 2013 வரை நாடு முழுவதும் பதிவான ஏறத்தாழ 283,000 மாரடைப்புகளை எடுத்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தன என்று ஆராய்ந்தார்கள். முடிவு 2018இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. நத்தார் காலத்தில் மாரடைப்பு சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. டிசெம்பர் 24ஆம் திகதி மட்டும் பார்த்தால் 37 சதவீதம் கூட. அதுவும் இரவு பத்து மணியளவில் உச்சம். சுவீடனில் குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிடும் இரவு அது. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் 75 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே இருதய வருத்தம் உள்ளவர்கள். அங்கே பனி, இங்கே வெயில், ஆனால் சாப்பாட்டு மேசையில் இருக்கும் அப்பப்பா ஒரே அப்பப்பாதான். நெஞ்சு நோகுது என்று சொன்னால் பிள்ளைகளின் கொண்டாட்டம் குழம்பிவிடும் என்று அவர் விடியும்வரை பொறுத்திருப்பார். மாரடைப்பில் அந்தப் பொறுமை இருதயத் தசையைத் தின்றுவிடும்.

யப்பானில் புதுவருடத்துக்கு மோச்சி என்ற அரிசிப் பண்டம் சாப்பிடுவார்கள். நம் களியைவிட இறுக்கமாக, இழுபடும். ஒவ்வொரு வருடமும் அது தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறக்கிறார்கள். அதனால் சிறு துண்டுகளாக வெட்டி நன்றாக மென்று உண்ணும்படி தோக்கியோவின் தீயணைப்புத் திணைக்களம் எச்சரிக்கை விடுவது வழக்கம். இதைக் கேட்டுச் சிரிக்கிற அக்காமாரே, பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுத் தொதல் சாப்பிடுகிற அம்மம்மாவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தாய்லாந்தின் சொங்கிரான் விழாவுக்கு நம்மவர்கள் பலர் இப்போது போய் வருகிறார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை. நம்முடைய சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாள்கள் என்பது தற்செயல் அல்ல. சங்கிராந்தி என்ற சொல்தான் அங்கே சொங்கிரான் ஆகியிருக்கிறது. சூரியன் மேடத்துக்குள் போகும் அதே கணக்கு. நாங்கள் மருத்துநீர் வைத்துத் தோய்கிறோம், அவர்கள் பெரியவர்களின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி பெறுகிறார்கள், பிறகு தெருவில் எல்லோர் மேலும் எல்லோரும் தண்ணீர் அடிக்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோவும் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த வாரத்துக்குத் தாய்லாந்தில் இன்னொரு பெயரும் உண்டு: ஆபத்தான ஏழு நாள்கள். வீதி விபத்துகளால் வந்த பெயர். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள்தான். போங்கள், நனையுங்கள், தொலைபேசியையும் குளிசைகளையும் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் மட்டும் எடுக்க வேண்டாம்.

வெயிலைப் பற்றி ஒன்று. 2024 ஹஜ் யாத்திரையின்போது மக்காவில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. 1,300க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் உரிய பதிவு இல்லாமல் வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி நீண்ட தூரம் நடந்தவர்கள். எந்தச் சமயத்தவருக்கும் வெயில் ஒன்றுதான். வெயிலில் நின்ற ஒருவர் சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினால், அதைக் களைப்பு என்று நினைத்து இருத்திவைக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள், உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இது என் அம்மாவின் கதை. அம்மாவும் இப்பாடசாலையின் பழைய மாணவி. இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறா. இதைச் சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லு, ஆனால் அக்காவைக் குறை சொல்லக்கூடாது" என்றா. அக்கா என்றது என் பெரியம்மாவை.

பத்து வருடங்களுக்கு முன்னர், ரொறன்ரோவில் தம்பியோடு இருந்த அம்மா நல்லூர்த் தேருக்காக வந்தா. இருபது வருடச் சீனி வருத்தம், காலையும் இரவும் இன்சுலின். பெட்டி கட்டும்போது யாரோ ஒருவர், "ஊசியெல்லாம் பிளேனுக்குள்ள கொண்டுபோக விடமாட்டினம்" என்று சொல்லிவிட்டார். அம்மா இன்சுலின் முழுவதையும் ஒரு கம்பளிச் சட்டைக்குள் பக்குவமாகச் சுற்றிப் பெரிய சூட்கேஸில் வைத்தா. குளுக்கோமீற்றர் மட்டும் கைப்பையில். கட்டுநாயக்காவில் இறங்கினால் சூட்கேஸ் வரவில்லை. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். அம்மா வானில் ஏறி நல்லூரடிக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டா. தேருக்கு மூன்று நாள் இருந்தது.

நான் அப்போது வேறொரு மாவட்டத்தில் வேலை. தேருக்கு முதல் நாள் வருவதாக ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் ரெலிபோனில் கதைத்தோம். சூட்கேஸ் வரவில்லை என்று சொன்னா. அதற்குள் இன்சுலின் இருப்பதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு டொக்டர், தன் தாயிடம் கேட்கவில்லை! "சேலை இல்லாட்டில் பெரியம்மாவின்ரயைக் கட்டுங்கோ" என்று சொன்னேன். அம்மாவின் கணக்கு இப்படி: ஊசி இல்லை, ஆகவே சாப்பாட்டைக் குறைப்போம், எப்படியும் விரதம்தானே. இது பலரும் போடும் கணக்கு. சாப்பிடாவிட்டாலும் ஈரல் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்தவும் இன்சுலின் வேண்டும். நகரத்தில் எந்தப் பெரிய மருந்துக்கடையில் கேட்டாலும் இன்சுலின் கிடைத்திருக்கும், அரசாங்க வைத்தியசாலையில் பணம் கொடுக்காமலே கிடைத்திருக்கும். பிள்ளை டியூட்டியில் நிற்கிறாள், ஏன் கரைச்சல் கொடுப்பான் என்று அம்மா இருந்துவிட்டா.

தேருக்கு முதல் நாள் காலையில் அம்மாவுக்கு ஒரே தாகம், சத்தி, சோர்வு. பெரியம்மா குளுக்கோமீற்றரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தா. 24.6 என்று காட்டியது. பெரியம்மாவுக்கும் சீனி வருத்தம். அவவுக்குத் தெரிந்த எண்கள் 110, 140, 180. நூறுக்கு மேலே இருக்க வேண்டியது 24 என்றால்? சீனி அடியோடு இறங்கிவிட்டது என்று பயந்து, ஒரு கிளாஸ் நெல்லிக்கிரஷ் கரைத்துக் கொடுத்துவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தா.

நான் வாட்டில் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, அம்மாவுக்குச் சீனி 24. நெல்லிக்கிரஷ் குடுத்திட்டன்." இலங்கையில் வேலை செய்கிற எந்த டொக்டரும் 24 என்று கேட்டால் என்ன நினைப்பாரோ அதையே நானும் நினைத்தேன். "இன்னொரு கிளாஸ் குடுங்கோ, அரைமணித்தியாலத்தால திருப்பிப் பாருங்கோ" என்றேன். அந்த மெசின் கனடாவில் வாங்கியது என்பது எனக்குத் தோன்றவில்லை. அது காட்டியது மில்லிமோல் கணக்கு. 24.6 மில்லிமோல் என்றால் நம் கணக்கில் 440க்கு மேல்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பெரியம்மா திருப்பி எடுத்தா. "பிள்ளை, இப்ப நம்பர் ஒண்டும் இல்லை. மெசின் ஹாய் எண்டு சொல்லுது." எச், ஐ என்ற இரண்டு எழுத்து. அளக்க முடியாத அளவுக்குக் கூட என்று அர்த்தம். அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அயலில் இருந்த பிள்ளைகள் தேர்க்கூட்டத்துக்குள்ளால் எப்படியோ ஓட்டோ ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவை வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. இரவு முழுவதும் சேலைன், இன்சுலின், பொற்றாசியம். தேரன்று மத்தியானம்தான் கண்ணைத் திறந்து கதைத்தா. முதற் கேள்வி, "தேர் இருப்புக்கு வந்திட்டுதோ?"

பெரியம்மா சில வருடங்களுக்குப் பின்னர், வேறு காரணத்தால், காலமாகிவிட்டா. கடைசிவரை என்னைக் காணும்போதெல்லாம், "நான் குடுத்த நெல்லிக்கிரஷ்தானே அவளைப் படுக்க வைச்சது?" என்று கேட்பா. இரண்டு கிளாஸ் கொடுபட்டது, பெரியம்மா, இரண்டாவது நான் சொன்னது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவ நம்பவில்லை. டொக்டர் பிழை சொல்வாளா என்பது அவவின் எண்ணம்.

ஆகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நோர்வே ஆகிய நாடுகளில் குருதிச் சீனியை மில்லிமோலில் சொல்வார்கள். இலங்கை, இந்தியா, அமெரிக்காவில் மில்லிகிராமில். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். அங்கே 5.5, இங்கே 100. அங்கே 10, இங்கே 180. அங்கே 4க்குக் கீழே, இங்கே 70க்குக் கீழே போனால்தான் இனிப்புக் கொடுக்க வேண்டும். புள்ளி போட்ட எண் வந்தால் அநேகமாக அது மில்லிமோல். மெசினின் முதுகில் ஒரு துண்டு ஒட்டி இதைத் தமிழில் எழுதிவிடுங்கள். தங்கப்போகும் வீட்டாருக்கும் சொல்லுங்கள், ஏனென்றால் மயங்கிக் கிடப்பவர் மெசினை வாசிக்கமாட்டார்.

இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். பெட்டி தொலைவது ஒன்று. விமானத்தின் அடியில் குளிரில் உறையக்கூடும் என்பது இன்னொன்று. உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது. ஊசியோடு கைப்பையில் கொண்டுபோகலாம், உங்கள் டொக்டரின் கடிதம் ஒன்று இருந்தால் போதும். தேவையானதைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து, இரண்டையும் உங்களுடனேயே வைத்திருங்கள். கிழக்கு நோக்கி வரும்போது அந்த நாள் குறுகும், மேற்கு நோக்கிப் போகும்போது நீளும். ஊசியின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்பதைப் புறப்பட ஒரு கிழமைக்கு முன்னரே உங்கள் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நடுவானில் என்னிடம் வட்ஸ்அப்பில் கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள், பெயர் சொல்லமாட்டேன். ஊரில் கரண்ட் நின்றால் ஈரமணலில் வைத்த மண்முட்டி நல்ல குளிர்ப்பெட்டி. குளிர்சாதனப் பெட்டியில் மேற்தட்டுக்குள், ஐஸ் படும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

இதை எனக்கு முதலில் படிப்பித்தது மருத்துவபீடம் அல்ல, அப்பம்மா. 1995 ஒக்ரோபர், தீபாவளி கழிந்து ஒரு கிழமைதான். வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவு இங்கே என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். நாவற்குழிப் பாலத்தடியில் மழையோடு நின்றபோது எங்கள் உடுப்புப் பையும் அரிசிப் பையும் எந்தச் சைக்கிளோடு போயின என்று தெரியவில்லை. அப்பம்மாவின் பிறஷர்க் குளிசை மட்டும் சேலை மடிக்குள் முடிந்திருந்தது. "மருந்து உடம்போட இருக்கோணும்" என்றா. அவவின் மகனைக் கட்டிய என் அம்மாவுக்கு, இருபது வருடத்தில் விமானமும் சூட்கேஸும் வந்ததும் அது மறந்துபோனது. எனக்கும்தான்.

விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மண்டபத்தில் விடமாட்டீர்கள். கந்தசஷ்டி ஆறு நாள், கௌரி விரதம், தவக்காலம், நோன்பு, எதையும் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் எனக்குத் தெரியாமல் பிடிப்பீர்கள், அது இன்னும் மோசம். நோன்பு பிடிக்கும் நீரிழிவு நோயாளருக்காகச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் விரிவான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதன் அடிப்படை சஷ்டிக்கும் பொருந்தும். கிளிக்லசைட் போன்ற குளிசைகள் சாப்பாடு இல்லாவிட்டாலும் சீனியை இறக்கும். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய குளிசைகள் பட்டினியோடும் தண்ணீர்க் குறைவோடும் சேர்ந்தால் குருதியை அமிலமாக்கலாம். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்துக் குறைவு. எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று முன்னரே கேளுங்கள். சீனி 70க்குக் கீழே போனால் விரதத்தை முறியுங்கள். முருகன் கோவிக்கமாட்டார் என்பதற்கு நான் உத்தரவாதம்.

நல்லூருக்கு வருகிறவர்கள் உங்கள் பாதத்தைக் கவனியுங்கள். வருடக்கணக்காகச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகும். பன்னிரண்டு மாதமும் சப்பாத்தும் காலுறையும் போட்ட கால், ஓகஸ்ட் வெயிலில் வெறும் மணலில் நடக்கிறது. அடியழிக்கும் அம்மாமாருக்கு முழங்காலும் சேர்த்து. அன்றிரவு கொப்புளம், ஒரு கிழமையில் புண். திரும்பிப்போய் அங்கே விரல் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். வெயில் ஏற முன் போய்க் கும்பிட்டு வாருங்கள். இரவில் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளத்தை உடைத்து மஞ்சள் பூச வேண்டாம். மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதை, அதோடு 272 படியும் உண்டு. படி ஏறும்போது நெஞ்சு இறுகினால் இருந்துவிடுங்கள், கீழே இருந்து கும்பிட்டாலும் 42 மீற்றர் உயரத்தில் அவர் தெரிவார்.

இனி, நாங்கள் பெண்கள் மட்டும் இருக்கும் சபை என்பதால் பேசக்கூடிய ஒன்று. கோயிலுக்குப் போக வேண்டும், கலியாண வீடு வருகிறது என்று மாதவிடாயைப் பிற்போடக் குளிசை எடுக்கும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. போகலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை, அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த நோறெதிஸ்தெரோன் குளிசையின் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. அது குருதி உறையும் தன்மையைக் கூட்டும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தாலும் காலில் குருதிக்கட்டி வரும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில் அது சிறிய ஆபத்துத்தான், ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு. ஆனால் குளிசையையும் பயணத்தையும் சேர்த்து, அதோடு உடற்பருமனையும் சேர்த்தால், அந்த ஒருவர் நீங்களாக இருக்கக்கூடும். முன்னர் கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் உள்ளவர்கள், புகைப்பவர்கள், கடுமையான ஒற்றைத்தலைவலி உள்ளவர்கள் இந்தக் குளிசையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்கி எடுக்கவே வேண்டாம். டொக்டரிடம் வந்து, "நான் பதினைந்து மணித்தியாலம் பறக்கப் போகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். அவர் வேறு வழி சொல்வார். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த ஆய்வில் இன்னொரு தகவல்: 1.6 மீற்றருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கும் ஆபத்துக் கூட. ஆசனத்தின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அமுக்குவது காரணமாக இருக்கலாம். இந்த மண்டபத்தில் கையுயர்த்தச் சொல்லவில்லை. காலடியில் ஒரு சிறு பையை வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றுங்கள், கெண்டைக்காலை மடக்கி நீட்டுங்கள், எழும்பி நடவுங்கள். கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸுக்கும் இது பொருந்தும். பயணம் முடிந்து நான்கு கிழமைக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது திடீரென்று மூச்சு எடுக்கக் கஷ்டமானால், அலைச்சல் என்று எண்ணெய் தேய்த்துவிட்டு இருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாரியில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, வருகிறவர்களுக்கு டெங்கு. யாழ்ப்பாணத்தில் மழைக்குப் பிறகுதான் அது தலைதூக்கும். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் வரும் பிள்ளைகளுக்குப் பகலிலும் நுளம்புத் தைலம் பூசுங்கள், ஏனென்றால் அந்த நுளம்பு பகலில் கடிப்பது. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இபுப்றொபென், அஸ்பிரின் வேண்டாம், டெங்குவில் குருதிக்கசிவைக் கூட்டும். இரண்டாம் நாள் குருதிப் பரிசோதனை. காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்து விமானம் ஏறாதீர்கள், டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி நேரே அரசாங்க வைத்தியசாலைக்கு. சிறு கீறல்தானே என்று இருக்க வேண்டாம்.

எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும் ஒரு சொல். ஜனவரியில் கனடாவில் பொங்கல் விழாக்களுக்குப் பட்டுச்சேலையும் குதி உயர்ந்த செருப்புமாகப் போய், மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் சறுக்கி மணிக்கட்டு உடைந்த நம் வகுப்புத் தோழிகள் மூன்று பேர். ஐம்பதைத் தாண்டிய எலும்பு அதைத் தாங்காது. சப்பாத்தோடு போய் உள்ளே மாற்றுங்கள். யப்பானுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்கள், தடிமனுக்கும் நோவுக்கும் எடுக்கிற சில குளிசைகள்கூட அங்கே தடைசெய்யப்பட்டவை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கொடீன், டிரமடோல், சூடோஎபெட்ரீன் உள்ளனவா என்று முன்னரே பாருங்கள். அவுஸ்திரேலியாவுக்குக் கருவாடும் ஒடியலும் கொண்டுபோனால் படிவத்தில் எழுதுங்கள், மறைத்தால் தண்டம். காப்புறுதிப் படிவத்திலும் சீனி வருத்தத்தையும் பிறஷரையும் மறைக்காதீர்கள். மறைத்த வருத்தத்துக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள்.

மண்டபத்தின் பின்மேசையில் நம் சங்கத்துத் தங்கைமார் ஒரு சிறிய அட்டை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வருத்தங்கள், மருந்துகளின் பெயர் (கடைப் பெயர் அல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயர், கடைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்), அளவு, ஒவ்வாமை, உங்கள் மெசின் எந்தக் கணக்கில் காட்டுகிறது, யாருக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கிறது. ஸூமில் இருப்பவர்களுக்குச் செயலாளர் அக்கா அனுப்பிவைப்பார். மருந்தின் பெயர் தெரியாதவர்கள் குளிசை மட்டையோடு என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அம்மா முதலாவதாக நிரப்பிவிட்டா, பேனை அவவிடம் இருக்கிறது.